என்னை ஏன் பெயிலாக்கினவை?

டிரைவிங் டெஸ்டில் பாஸ் பண்ணுகிறவர் தானாகவே பாஸ் பண்ணுகிறார். பெயிலாகிறவரை மட்டும் யாரோ ஒருவர் பெயிலாக்கிவிடுகிறார். இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. "நான் பிழை விட்டுட்டன்" என்று சொல்லிக்கொண்டு காரைவிட்டு இறங்கியவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும். அதிலும் கட்டைவிரல் மிஞ்சும்.

என் பெயர் ரதி. டென்மார்க்கில் கார் ஓடப் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து நோர்பரியில் குடியேறி, மற்றவர்களுக்கு ஓடப் பழக்குகிறவள் ஆனேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் இன்னொரு பிரேக், மடியில் பாட நேரங்களைக் குறித்து வைக்கும் ஒரு கொப்பி. இவ்வளவுதான் என் அலுவலகம். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கவுன்சிலிலோ மனிதர்களோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இராது. "என்ர நிறத்தைப் பாத்துத்தானே இப்பிடிச் செய்தவை?" என்ற கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அல்லது உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொல்லித் தப்பினீர்கள் என்று அறிய எனக்கு இன்றைக்கும் ஆவல்.

நாலு எக்ஸாமினர்கள்

சிவநேசன் அண்ணைக்கு டூட்டிங்கில் மரக்கறிக்கடை. கையும் காலும் நிதானமானவர். ஒரேயொரு குறை, இடப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கமாட்டார். "அங்காலை என்ன கிடக்கு, நடைபாதைதானே" என்பார். அங்காலை சைக்கிள்காரர் வரலாம் என்று நான் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

முதல் டெஸ்டில் எக்ஸாமினர் வெள்ளைக்காரர். அண்ணை பெயில். "என்ர பெயரை வாசிக்கேக்கையே அவற்றை மூஞ்சை சுருங்கிப்போச்சு, துவேசம் பிடிச்ச மனிசன்" என்றார். இரண்டாவது ஆள் கறுப்பர். அண்ணை மறுபடியும் பெயில். "அவைக்கு எங்கட ஆக்களைக் கண்ணிலை காட்டக்கூடாது" என்றார். மூன்றாவது தடவை எக்ஸாமினரின் சட்டையில் தமிழ்ப் பெயர்ப்பட்டை. அவரே "வணக்கம்" சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது நிமிஷத்தில் அண்ணை முகம் சிவந்து திரும்பி வந்தார். "சொந்தச் சனம்தான் ரதி எல்லாத்திலும் மோசம். நான் கடைக்கு முதலாளி, அவர் சம்பளத்துக்கு நிக்கிறார். பொறுக்குமே?" மூன்று தடவையும் மின்னஞ்சலில் வந்த காரணம் ஒன்றுதான்: இடப்பக்கக் கண்ணாடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இரவல் சைக்கிள் ஒன்றில் ஏற்றி, அவருடைய கடைத்தெருவிலேயே ஓடவிட்டேன். ஒரு டாக்ஸி அவரை உரசிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து அண்ணையின் கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது. நாலாவது எக்ஸாமினர் ஒரு வெள்ளைக்கார அம்மா. அண்ணை பாஸ். வாயெல்லாம் பல்லாக வந்து காரில் ஏறியவர் சொன்னார்: "வெள்ளையளிலை தங்கமான சனம் இருக்கு ரதி. நான் எப்பவும் சொல்லுறனான், ஒருத்தரும் கேக்கிறேல்லை."

வானில் வந்தவர்

மற்றவர்களைச் சொல்கிறேன், என் கதையையும் கேளுங்கள். கௌரி என்ற பிள்ளைக்கு அது மூன்றாவது பாடம். நோர்பரியிலிருந்து தோர்ன்டன் ஹீத் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு வெள்ளை வான் வண்டி. ஹோர்ன் அடித்தபடியே வருகிறது. ஓடுகிறவர் ஒரு தடியர், தலையை வெளியே நீட்டிக் கத்துகிறார், கையை ஆட்டுகிறார். கௌரி பின்கண்ணாடியைப் பார்த்தாள். "அக்கா, எங்களைப் பாத்துத்தான் கத்துறார்." "திரும்பிப் பாக்காதை" என்றேன். "இரண்டு பேரும் பிறவுண் ஆக்கள், அதோடை பொம்பிளையள். இவங்களுக்கு இதுதான் வேலை." இடையில் காரிலும் எங்கோ டிக் டிக் என்று ஒரு சத்தம். இந்த நேரம் பார்த்து இஞ்சினும் பழிவாங்குகிறதே என்று நினைத்தேன்.

சிவப்பு விளக்கில் நின்றோம். தடியர் வானை விட்டு இறங்கி எங்களை நோக்கி வந்தார். கதவுகளைப் பூட்டினேன். போனைக் கையில் எடுத்தேன். டென்மார்க்கில் நிறத்துக்காகப் பட்டதெல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்து, ஆங்கிலத்தில் நாலு வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்தேன். அவர் கௌரியின் பக்கத்துக் கண்ணாடியில் தட்டி, கீழே கையைக் காட்டினார். அவளுடைய கோட்டின் பட்டி கதவிடுக்கில் அகப்பட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு வளையம்தான் ரோட்டில் அடிபட்டு டிக் டிக். காரின் பின்சில்லில் சுற்றிக்கொண்டால் ஆபத்து என்று ஒரு மைல் தூரம் கத்திக்கொண்டு வந்திருக்கிறார். அடுக்கி வைத்த நாலு வசனமும் என் தொண்டையில் சிக்கி, "தாங்க் யூ" என்று சிறிதாக வெளியே வந்தது.

பட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, பச்சை விழுந்ததும் புறப்பட்டோம். அடுத்த சந்தியைத் தாண்டினோம். பிறகு கௌரி சொன்னாள்: "அதைச் சிரிச்சுக்கொண்டு சொல்லியிருக்கலாம்தானே அக்கா?"

மேரி

மாலதி அக்கா முதியோர் இல்லமொன்றில் பதின்மூன்று வருஷமாக வேலை செய்கிறார். காரில் ஏறினால் கியர் மாற்றுவதற்கு முன்பே எங்கள் சனத்துக்கு இந்த நாட்டில் நடக்கும் அநியாயங்களைச் சொல்லத் தொடங்கிவிடுவார். சகோதரியின் மகனை நேர்முகத்தேர்வில் தள்ளிவிட்டார்கள், அயல்வீட்டுக்காரரை பஸ்ஸில் முறைத்தார்கள், கோயிலில் சந்தித்த ஒருவரை வங்கியில் நிற்கவைத்தார்கள். பட்டியல் குரோய்டன் ட்ராம் தண்டவாளம்போல நீண்டுகொண்டு போகும்.

ஒருநாள் ட்ராம் ஒன்றுக்கு வழிவிட்டு நிற்கும்போது, "உங்களுக்கு ஏதும் நடந்ததோ அக்கா?" என்று கேட்டேன். "சேச்சே, எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. என்ர இடத்திலை எல்லாம் நல்ல சனம்." அதே மூச்சில் வேலைக் கதையும் வந்தது. அவர் பழக்கிவிட்ட மூன்று பெண்கள் அடுத்தடுத்து அவருக்கே மேலாளராகிவிட்டார்கள். கிறிஸ்மஸ் அன்று பதின்மூன்று வருஷமும் அவருக்கே ஷிப்ட். "அவைக்குப் பிள்ளை குட்டி இருக்குத்தானே" என்றார். இவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. காரை ஓரங்கட்டச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். வேலையிடத்திலிருந்து ஒரு பெண்குரல், "ஹலோ மேரி" என்றது. பிழையான நம்பர் என்று நான் வெட்டப்போனேன். மாலதி அக்கா அவசரமாக என் கையைப் பிடித்தார். கதைத்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து விளக்கம் சொன்னார்: "மாலதி எண்டு அவைக்கு வாயிலை வராது, பாவங்கள்."

சும்மா அறிஞ்சு வைக்க

மகளுக்குக் கார் பழக்கவேண்டும் என்று ஒரு பெரியவர் போன் எடுத்தார். கதையோடு கதையாக வாடகை வீடு தேடிய கதையும் வந்தது. மூன்று வீட்டுக்குப் போன் பண்ணினாராம். பெயரைச் சொன்னதும் மூன்று பேரும் வீடு போய்விட்டது என்றார்களாம். மகனின் ஆங்கிலேய நண்பன் அதே வீடுகளில் ஒன்றுக்கு எடுத்தபோது, வந்து பார்க்கச் சொன்னார்களாம். "பெயரைக் கேட்டே ஆளை முடிவெடுக்கிறாங்கள் தங்கச்சி. இதெல்லாம் ஒரு நாகரிகமே?" அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. எனக்கும் மனம் கனத்துப்போய், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரரின் விபரத்தைக் கொடுத்தேன்.

நன்றி சொன்னவர் போனை வைக்கவில்லை. "தங்கச்சி ஊரிலை எந்தப் பக்கம்?" சொன்னேன். "அங்கை எந்த வட்டாரம்?" அதையும் சொன்னேன். "எந்தக் கோயிலுக்குக் கிட்ட?" சொன்னேன். "உங்கட அப்பா என்ன தொழில் செய்தவர்?" மகளுக்கு எந்த நாள் வசதி என்று நான் பேச்சை மாற்றினேன். மகளை வேறெங்கோ சேர்க்க யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, மரியாதையாகவே முடித்தார்: "பிழையா நினைக்காதைங்கோ, சும்மா அறிஞ்சு வைக்கத்தான் கேட்டனான். நாங்கள் அதெல்லாம் பாக்கிறேல்லை."

சனிக்கிழமை பத்து மணி

சென்னையிலிருந்து வந்த பிரியா கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அமைதியான பெண். ஒருநாள் பாடம் முடிந்தும் இறங்காமல் இருந்தாள். "அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? சனிக்கிழமை காலைல எல்லாம் உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும்தானா?" எனக்குச் சுள்ளென்று வந்தது. நானா? எத்தனை நாட்டுப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன்! அப்படி ஒன்றுமில்லை என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து, அவளுக்கு நிரூபித்துக் காட்டவென்று கொப்பியைப் புரட்டினேன். நாலு மாதத்துச் சனிக்கிழமைக் காலைகளிலும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெயர் இல்லாத இடம் இல்லை. பிரியாவுக்கு ஒவ்வொரு தடவையும் செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் நினைத்துச் செய்யவில்லை, சத்தியமாக. எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். "அக்கா, சனி பத்துக்கு வாறன்" என்று அறிவித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை "முடிஞ்சா சொல்லுங்கக்கா" என்று மெசேஜ் போடும். முடியாது என்று சொல்வது அவளிடம்தான் லேசு. ஆனால் அவளுடைய இடத்தில் இருந்து பார்த்தால், நான் நினைத்துச் செய்ததற்கும் நினையாமல் செய்ததற்கும் அவளுக்கு என்ன வித்தியாசம்? இரண்டிலும் அவளுக்குச் செவ்வாய்க்கிழமைதானே.

மன்னிப்புக் கேட்டு அடுத்த சனி பத்து மணியைப் பிரியாவுக்குக் கொடுத்தேன். அந்த நேரத்துக்கு வழக்கமாக வரும் சுகந்தியை வெள்ளிக்கு மாற்றினேன். ஒரேயொரு வாரம்தான். சுகந்தி போனிலேயே பெருமூச்சு விட்டாள்: "ஓமோம், இப்ப உங்களுக்கு இந்தியன் ஆக்கள்தானே ஆக்கள்."

வாசுகி சொன்னது

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு ஏலாது. வாசுகி வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். குளிக்கவார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். பஸ்ஸிலும் ட்ராமிலும் போய் நேரத்துக்குச் சேர ஏலாது. இனிமேல் கார் இருப்பவர்களுக்குத்தான் வேலை என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். பேச்சுக் குறைந்த பெண். மிக நன்றாக ஓடுவாள். இரண்டு தடவை பெயிலானாள், இரண்டு தடவையும் ஒரே எக்ஸாமினர். காரணம் சந்திகளில் தயக்கம்.

"அந்த மனிசன் கடைசி நிமிஷத்திலைதான் திரும்பச் சொல்லுது அக்கா. நான் ஏதோ விளங்காத ஆள்மாதிரிக் கத்திக் கதைக்குது" என்றாள். நான் அப்போது சிவநேசன் அண்ணையையும் அவர் போன்ற இருபது பேரையும் கேட்டுக் காது புளித்திருந்த காலம். எல்லோருக்கும் சொல்லும் அதே பாட்டை அவளுக்கும் பாடினேன். "எக்ஸாமினரைப் பாக்காதை பிள்ளை, ரோட்டைப் பார். பிழையை எங்களிலை தேடினாத்தான் திருத்தலாம்." தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்றாவது டெஸ்டுக்கு முன்னால் மட்டும், "நீங்கள் பின்சீற்றிலை இருந்து பாக்க ஏலுமோ அக்கா?" என்று கேட்டாள். பரீட்சார்த்தி விரும்பினால் பழக்குகிறவர் பின்னால் இருக்கலாம். ஏறினேன்.

அதே மனிதர். ஏறியதும் அவளிடம் அல்ல, திரும்பி என்னிடம் கேட்டார், இவளுக்கு ஆங்கிலம் விளங்குமா என்று. "விளங்கும்" என்று வாசுகி ஆங்கிலத்தில் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் விளங்குமா என்று மறுபடி என்னிடமே கேட்டார். புறப்பட்ட பிறகு, காது கேளாத குழந்தைக்குச் சொல்வதுபோல உரத்துச் சொல்லி, கையாலும் காட்டினார். சந்திக்கு வந்து சேர்ந்த பிறகே வலதா இடதா என்று வாய் திறந்தார். பின்சீற்றில் இல்லாத பிரேக்கை என் கால் நாற்பது நிமிஷமும் மிதித்தது. நானாக இருந்தால் அந்த முதல் சந்தியிலேயே தடுமாறியிருப்பேன். வாசுகி தடுமாறவில்லை. ஒவ்வொரு சந்திக்கும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பலகைகளைத் தானே வாசித்து, அவர் வாய்திறக்கும் வரை பொறுத்திருந்து திரும்பினாள். கடைசியில், "இவர் பாஸ்" என்று அவர் எனக்குச் சொன்னார். அவளைப் பார்க்கவில்லை.

வேலை நிலைத்தது. அன்று டெஸ்ட் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "நீ சொன்னதெல்லாம் சரி பிள்ளை. நான் கண்ணாலை கண்டன். வா, முறைப்பாடு எழுதுவம், நீதானே பாஸ் பண்ணிட்டாய், இனி என்ன பயம்?" என்றேன். காரின் L பலகையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வாசுகி சொன்னாள்: "பாஸ் பண்ணினவள் எழுதினா, பாஸ் பண்ணிட்டாய்தானே எண்டு சொல்லுவினம். பெயிலானவள் சொன்னதை நீங்களே கேக்கேல்லை அக்கா."

கெவின்

முறைப்பாட்டை என் பெயரில் நானே எழுதினேன். விசாரித்து அறிவிப்பதாக ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த மனிதரும் அதே இடத்தில்தான் இருக்கிறார். மாறியது ஒன்றுதான். என் பழைய பாட்டை நிறுத்திவிட்டேன். யார் பெயிலாகி வந்து என்ன சொன்னாலும், காரை ஓரங்கட்டி, "முதலிலை இருந்து சொல்லுங்கோ" என்று கேட்கிறேன். இதனால் அடுத்த பாடத்துக்குத் தினமும் பிந்துகிறேன்.

கெவின் எங்கள் தெருக்காரர், ஆங்கிலேயர், அறுபத்தைந்து வயது. இத்தனை காலமும் மனைவிதான் கார் ஓடினார். மனைவிக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது இவர் பழகுகிறார். ஆஸ்பத்திரிக்கு அவரைத் தானே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பிடிவாதம். போன மாதம் அவரைச் சோதித்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர். கெவின் பெயில். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். "நான் வெள்ளைக்காரன் என்றபடியால்தான். இந்தக் காலத்தில் எங்களை யார் மதிக்கிறார்கள்? உங்களைச் சொல்லவில்லை ரதி" என்றார் ஆங்கிலத்தில்.

ஒரு வருஷத்துக்கு முன்பென்றால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். அன்று இஞ்சினை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து கேட்டேன். அவரும் சொன்னார். எக்ஸாமினர் கைகொடுத்தது, வெயிலைப் பற்றிக் கதைத்தது, மனைவியின் கண்ணைப் பற்றி விசாரித்தது, வங்கியடியில் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டு போனது. கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ஆனால் அந்தச் சிவப்பு விளக்கில் போனது நான்தான்."

அநியாயம் நடந்தது என்று சொல்கிறவர்களில் பலருக்கு அது நடக்கவில்லை, நடந்தவர்களில் பலர் அதைச் சொல்வதில்லை, இன்றைக்கு என் பக்கத்தில் இருப்பவர் இதில் எந்த வகை என்பது மட்டும் எனக்கு ஒரு சந்தி பிந்தித்தான் தெரியவருகிறது.